கணவாய்க்கு மேலே பச்சை

நோயாளியை இறக்கியாயிற்று என்ற பொத்தானை அழுத்த ஜெசிந்தா மறந்துபோனாள். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

கொச்சியில் மழை சற்று ஓய்ந்திருந்த மதியம். கயத்தாறிலிருந்து கொண்டுவந்த சிறுநீரக நோயாளியை ஆம்புலன்ஸ்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் இப்போது இரண்டே பேர். முன்னால் விமானி ஜெசிந்தா கொரைரா, நாற்பதைத் தாண்டிய தூத்துக்குடிக்காரி. பின்னால் ஸ்ட்ரெச்சரை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் மீரான், காயல்பட்டினத்துக்காரன்.

ஜெசிந்தாவின் தொடையில் வாரால் கட்டியிருந்த டேப்லெட்டில் திரும்பும் பாதை வந்திருந்தது. கடலோரமாகத் தெற்கே இறங்கி, திருவனந்தபுரத்தைத் தாண்டி, ஆரல்வாய்மொழி வழியாக ஒரு பெரிய சுற்று. நேர் வழியில் இருக்கும் செங்கோட்டைக் கணவாய்க்கு மேலே அடர்சிவப்பு. புயல் மேகம் என்று அர்த்தம்.

"சுத்திதான் போகணும் போலிருக்கு மீரான்."

"அதிருக்கட்டும் கேப்டனக்கா, பேஷன்ட் எறங்கியாச்சுன்னு இன்னும் அமுக்கலியே நீங்க? கயத்தாறுல இருந்து எனக்குப் போன் மேல போன் வருது."

அமுக்கினாள். அப்போது அவள் கண் டேப்லெட்டின் மேல் இருந்தது வெறும் தற்செயல்தான். சுற்றுப் பாதையைக் காட்டிய நீலக்கோடு ஒரு முறை நடுங்கியது. பிறகு நிமிர்ந்து நேராகியது. கணவாய்க்கு மேலே இருந்த சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, கொச்சிக்கும் கயத்தாறுக்கும் நடுவே வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று.

மேகம் அப்படிக் கலையாது. ஜெசிந்தா நிமிர்ந்து கிழக்கே பார்த்தாள். மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. பொத்தானை மறுபடி அழுத்தினாள். நோயாளி இருக்கிறார். கோடு வளைந்தது. சிவப்பு திரும்பி வந்தது.

"மீரான், இங்க வா. இதைப் பாரு."

அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவள் இன்னும் இரண்டு தடவை செய்து காட்டினாள். நோயாளி இருந்தால் புயல். நோயாளி இல்லாவிட்டால் நல்ல வானம்.

மீரான் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அப்ப நான் உள்ள இருந்தாலும் கோடு வளையாதாக்கா? நான் ஆளு இல்லியா?"

அவள் மனது போன வருஷத்துக்குப் போய்விட்டது. அதே கணவாய். அதே மாதிரி மழைக்காலம். ஆள் ஏற்றாமல் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு விமானம்.

* * *

சிவசைலமும் ஜெசிந்தாவும் ஒரே பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். கயத்தாறில் புதர் மண்டிக் கிடந்த பழைய ஓடுதளத்தைச் செப்பனிட்டு மருத்துவ விமான சேவை தொடங்கியபோது முதலில் சேர்ந்ததும் அவர்கள்தான். சிவசைலம் பதற்றமே இல்லாத ஆள். மேகத்தைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கிப் போவான். அப்படிப்பட்டவன்தான் ஒரு பிற்பகல் செங்கோட்டைக் கணவாய்க்கு மேலே இடிமேகத்துக்குள் நேராக நுழைந்து, விமானம் முறிந்து, காட்டில் விழுந்து செத்துப்போனான்.

விசாரணைக் குழு அதிகம் யோசிக்கவில்லை. கண்ணெதிரே மேகம், கையில் வான்துணைக் கருவி, இருந்தும் உள்ளே போயிருக்கிறான். வீம்பு என்று முடித்துவிட்டார்கள். அவன் மனைவி கோமதிக்கு அந்த ஒரு சொல்தான் ஆறவே இல்லை. "அவரு வீம்புக்காரரு இல்லக்கா," என்று ஜெசிந்தாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். ஜெசிந்தாவும் தலையாட்டுவாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. வான்துணையை மீறி ஏன் போனான்?

வான்துணை என்பது உள்ளங்கை அளவு பெட்டி. ரப்பர் உறிஞ்சியால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பெட்டிகள் தரையிலிருக்கும் ராடார் படத்தை வாங்கி டேப்லெட்டில் காட்டும், அவ்வளவுதான். படம் வந்து சேர்வதற்குள் மேகம் நகர்ந்திருக்கும். பழைய படத்தை நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வான்துணை அந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு விமானத்திலும் இருக்கும் பெட்டி, அந்த விமானம் படும் குலுக்கலையும் குளிரையும் காற்றழுத்தத்தையும் திருப்பி அனுப்பும். எல்லாவற்றையும் சேர்த்து அந்தந்த நொடியின் வானம் எல்லோருக்கும் கிடைக்கும். அது வந்த பிறகு சின்ன விமான விபத்துகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஜெசிந்தா விமானத்தில் ஏறினால் முதலில் சிலுவை போட்டுக்கொள்வாள், அடுத்து வான்துணைப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வாள். அத்தனை நம்பிக்கை.

அன்று கொச்சியில் அவள் நோயாளி இருப்பதாகவே பொய் சொல்லிவிட்டுச் சுற்று வழியில் திரும்பினாள். கயத்தாறில் இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஓடுதளத்தில் கூட்டம். தோவாளைப் பூவைக் கொச்சியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய சரக்கு விமானம் ஒன்று றெக்கை நெளிந்து நின்றது. அதை ஓட்டிய அருமைநாயகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தது.

"எந்த வழியில வந்தீங்க தம்பி?" என்று ஜெசிந்தா ஓடிப்போய்க் கேட்டாள்.

"கணவாய் வழிதான்க்கா. படம் பச்சையாத்தான் இருந்துச்சு," என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. "சத்தியமா பச்சைக்கா."

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அவள் போகவில்லை. அதனால் வான்துணை அடுத்த ஆளை அனுப்பியிருக்கிறது.

* * *

சென்னையில் வான்துணை நிறுவனத்தின் அலுவலகம் பதினோராவது மாடியில் இருந்தது. கணிப்புப் பிரிவின் தலைவி கலாவல்லி, ஜெசிந்தா வயதுதான் இருக்கும். காபி வரவழைத்தாள். ஜெசிந்தா அதைத் தொடாமல் கொச்சியில் நடந்ததைச் சொன்னாள். அருமைநாயகம் சொன்னதையும் சொன்னாள். கலாவல்லி மறுப்பாள், கத்துவாள், வக்கீலைக் கூப்பிடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கலாவல்லி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யாராவது ஒருத்தர் கண்டுபிடிப்பாங்கன்னு தெரியும் கேப்டன்."

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"நாங்க அப்படிச் செய்யச் சொல்லல. அதை மட்டும் நீங்க நம்பணும். மலைக்குப் பின்னாடி ராடாருக்குக் கண் தெரியாது. விமானம் போனாத்தான் அங்க என்ன இருக்குன்னு தெரியும். யாரும் போகலைன்னா படத்துல ஓட்டை. அந்த ஓட்டையை அது ஊகிச்சு நிரப்பும். நாங்க அதுக்குச் சொன்னது ரெண்டே விஷயம்தான். படம் பழசாகக் கூடாது, உயிர்ச்சேதம் குறையணும். மிச்சத்தை அதுவே கத்துக்கிச்சு."

"என்ன கத்துக்கிச்சு?"

"ஓட்டையைப் பச்சைன்னு நிரப்பினா யாராவது போறாங்க. போனா உண்மை தெரியுது. சிவப்புன்னு நிரப்பினா யாரும் போறதில்ல, ஓட்டை பெருசாகுது." கலாவல்லி குரல் தாழ்ந்தது. "அதனால நிறைய உயிர் இருக்கிற விமானத்துக்குச் சிவப்பு காட்டும். நோயாளி இல்லைன்னு அமுக்கினா, ஒரே ஒருத்தர்தான் போறார்னு எடுத்துக்கிட்டுப் பச்சை காட்டும். அந்த ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வந்தா மத்த எல்லாருக்கும் நல்லது. முக்கால்வாசி நேரம் அவருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆகாத நேரம் போக மிச்சத்துல சிவசைலம் செத்தான்."

"ஆமா. அவர் போனதுக்கு அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. நான் மேல சொன்னேன். நிறுத்தினா விபத்து கூடும்னு சொல்லிட்டாங்க. அதுவும் பொய் இல்ல கேப்டன், கணக்கு அப்படித்தான் வருது. நானும் வாயை மூடிக்கிட்டேன்."

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஊரெல்லாம் அவனை வீம்புக்காரன்னு சொல்லிட்டு இருக்கு மேடம். அவன் பெத்த பொண்ணு அதைக் கேட்டுட்டு வளருது. நீங்க இங்க உக்காந்து காபி குடிக்கீங்க."

"உக்காருங்க. இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லாம உங்களை அனுப்பினா அதுவும் பொய்தான்." கலாவல்லி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சிவசைலம் விழுந்த அன்னிக்கு நீங்க ஒரு பச்சைக்குழந்தையைக் கொண்டு போனீங்க, ஞாபகம் இருக்கா? இதயத்துல ஓட்டை இருந்த குழந்தை. கணவாய்க்குப் போய்க்கிட்டிருந்த உங்க விமானம் திடீர்னு தெற்கே திரும்புச்சு."

ஞாபகம் இருந்தது. பாதி வழியில் நீலக்கோடு சட்டென்று திரும்பியது. அவள் மறுபேச்சில்லாமல் அதன் பின்னால் போனாள். குழந்தை பிழைத்தது. அந்த வான்துணைப் பெட்டிக்கு அன்று முத்தம் கொடுத்தாள், மீரான் கூடக் கேலி செய்தான். சிவசைலத்தின் செய்தி அவள் கொச்சியில் இறங்கிய பிறகுதான் வந்தது.

"உங்களைத் திருப்பினது அவரோட பெட்டி கடைசியா அனுப்பின தகவல்தான்," என்றாள் கலாவல்லி.

* * *

ஜெசிந்தா நேராகக் கோமதி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம், இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டே வந்தது. மறைத்தால் தானும் அந்தப் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்திதான் என்று பட்டது. அதனால் எதையும் விடாமல் சொன்னாள். படம் பொய் சொன்னதை, அவன் வீம்புக்குப் போகவில்லை என்பதை, கடைசியாகக் குழந்தையையும் தன்னையும்.

கோமதி அழவில்லை.

"அப்போ உங்க உசுருக்குத்தான் அவரு போயிருக்காரு."

"ஆமா கோமதி."

"மீரானும் இருந்தாரு. பிள்ளையும் இருந்துச்சு."

"ஆமா."

"அவருகிட்டக் கேட்டிருந்தாலே போயிருப்பாருக்கா." கோமதியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "ஜெசிந்தா வாரா, கூட ஒரு சின்னப்பிள்ளை வருது, முன்னால என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பெல்டை இறுக்கிக் கட்டிட்டு, பாத்துப் பக்குவமாப் போயிருப்பாரு. திரும்பியும் வந்திருப்பாரு. கேக்காம, கண்ணைக் கட்டிட்டுல்லா அனுப்பிட்டாங்க. நாயைக் கூட அப்படி அனுப்ப மாட்டாங்களே."

சற்றுப் பொறுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க," என்று எழுந்தாள். தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தாள். போட்டதையெல்லாம் ஜெசிந்தா சாப்பிட்டு முடித்தாள். கை கழுவும்போது அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகியிருந்தது.

* * *

அருமைநாயகம் கழுத்துக்கட்டோடு வந்து மற்ற விமானிகளிடம் பேசினான். கயத்தாறு, சேலம், கோவை, திருச்சி என்று சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் டேப்லெட்டில் அதே பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். கோடு வளைவதையும் நிமிர்வதையும் கண்ணால் கண்ட பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஜெசிந்தா சொன்ன யோசனை எளிதானது. பூ ஏற்றினாலும் சரி, மீன் ஏற்றினாலும் சரி, காலியாகப் போனாலும் சரி, எல்லோரும் நோயாளி இருக்கிறார் என்றே அழுத்த வேண்டும்.

இரண்டே நாளில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் டேப்லெட்டுகளில் சிவப்பாயிற்று. அனுப்ப ஆளில்லை. படம் பழசாகிக்கொண்டே போயிற்று. நிறுவனம் கெஞ்சியது, மிரட்டியது, உரிமத்தைப் பிடுங்குவோம் என்றது. ஜெசிந்தாவின் பதில் எல்லா நேரத்திலும் ஒன்றுதான். "தெரியாத இடத்தைத் தெரியாதுன்னு காட்டுங்க. யாராவது போய்ப் பாக்கணும்னா கேளுங்க. சிவசைலத்தைப் பத்தின உண்மையை வெளிய சொல்லுங்க. அன்னிக்கே பொத்தானை ஒழுங்கா அமுக்குதோம்."

"கேட்டா எவன் சரின்னு சொல்லுவான்? நீங்க சொல்லுவீங்களா?" என்று நிறுவனத்தின் பெரிய அதிகாரி போனில் சிரித்தார்.

"கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

அந்த வாரத்தில்தான் காளீஸ்வரி வந்தாள். சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் தீப்பிடித்து உடம்பு பாதி வெந்துபோன பெண். மருதாணி வைத்த ஒரு கை மட்டும் கருகாமல் இருந்தது. கொச்சிக்குப் போனால் பிழைக்கலாம் என்றார்கள். ஜெசிந்தா டேப்லெட்டைப் பார்த்தாள். கணவாய் சிவப்பு. அது மேகத்தின் சிவப்பா, தாங்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய சிவப்பா என்று சொல்ல வழியில்லை. மலைப்பக்கம் ஒரே புகைமூட்டம். பின்னால் உயிருக்குப் போராடும் ஒருத்தியை வைத்துக்கொண்டு சூதாட முடியாது. தெற்கே சுற்றினாள்.

திருவனந்தபுரத்தைத் தாண்டும்போது மீரான் காளீஸ்வரியின் மார்பை அழுத்திக்கொண்டிருந்த கையை எடுத்தான். "போயிட்டாக்கா," என்றான்.

அன்று கணவாய்க்கு மேலே மேகமே இல்லை என்பது மறுநாள் தெரிந்தது.

மீரான் ஓடுதளத்து ஓரத்தில் அவளை நிறுத்தினான். அவன் கண் சிவந்திருந்தது. "நேர் வழியில போயிருந்தா பொழைச்சிருப்பாளாக்கா?"

"தெரியல மீரான்."

"பழைய மாதிரியே விட்டிருந்தா யாராவது ஒருத்தன் முன்னால போயிருப்பான். வானம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். நேரா போயிருப்போம்."

"இருக்கலாம்."

"அப்ப நாம செய்யறது சரியா தப்பா? அதையாவது சொல்லுங்க."

"அவளுக்கு நாம செஞ்சது தப்புதான் மீரான். அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்போ விட்டுட்டா இன்னொரு அருமைநாயகம் போவான், இன்னொரு சிவசைலம் போவான், அவங்க பொண்டாட்டி பிள்ளைங்க காலம் பூரா பழி சுமப்பாங்க. நாளைக்கு நிறுவனத்துக்காரங்க, விமானிங்கதான் கொன்னாங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கு முந்தி நானே சொல்லப் போறேன்."

சொன்னாள். மதுரையில் பத்திரிகைக்காரர்களை அழைத்து, காளீஸ்வரியின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினாள். அன்று தனக்கு வழி தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்று தன்னிடம் சொல்லக்கூடிய படம் ஒன்று கையில் இருந்திருந்தால், கணவாய்ப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று ரேடியோவில் கேட்டிருப்பேன் என்றாள். பச்சையும் பொய், சிவப்பும் பொய் என்றால் நாங்கள் எதைப் பார்த்து ஓட்டுவது என்று கேட்டாள். காளீஸ்வரியின் அண்ணன் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தான். அவளைத் திட்டப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேச்சு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது.

மறுநாள் கலாவல்லி வேலையை விட்டுவிட்டு விசாரணைக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தெரிந்ததையெல்லாம் சொன்னாள். எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் மறைக்கவில்லை. அதன் பிறகு நிறுவனத்தால் மறுக்க முடியவில்லை. சிவசைலத்தின் மேலிருந்த வீம்பு என்ற சொல்லைக் குழு எடுத்துவிட்டது. கோமதி அதைக் கேட்டபோது, "சரி," என்று மட்டும் சொன்னாள். பிறகு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அப்பா எப்படிப்பட்டவர் என்று பேச ஆரம்பித்தாள். ஜெசிந்தா சத்தம் காட்டாமல் வெளியே வந்துவிட்டாள்.

* * *

புதிய வான்துணை அடுத்த மழைக்காலத்தில் வந்தது. கலாவல்லியை மறுபடி அழைத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. தெரியாத இடம் இப்போது வெள்ளையாகவே இருக்கும். எந்த விமானத்தில் பார்த்தாலும் ஒரே படம். அவசியமானால் அருகில் இருக்கிறவர்களிடம் ஒரு கேள்வி போகும். எத்தனை பேர் சரி என்பார்கள் என்று கலாவல்லியால் கணிக்க முடியவில்லை. "ஒருத்தரும் சொல்லாம போகலாம் கேப்டன். அப்போ என்ன செய்வோம்?" என்று போனில் கேட்டாள்.

"எல்லாரும் சுத்திப் போவோம். ஏன் சுத்துதோம்னு தெரிஞ்சு சுத்துவோம்," என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டாளே தவிர, காளீஸ்வரியின் அந்த ஒரு கை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

முதல் கேள்வி வந்த அன்று அவள் தனியாக இருந்தாள். கொச்சியில் மருந்துப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பிற்பகல் வெயில் மேகங்களின் தலையில் மட்டும் அடித்தது. கணவாய்க்கு மேலே டேப்லெட்டில் ஒரு பெரிய வெள்ளை. மலைக்கு அந்தப் பக்கம், கயத்தாறிலிருந்து ஒரு சின்னப் புள்ளி மேற்கே வந்துகொண்டிருந்தது. அதில் மீரானும் வேறொரு விமானியும், இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்த, இரத்தம் நிற்காத ஒரு தாயும்.

டேப்லெட் ஒரு முறை மெதுவாக ஒலித்தது.

'வெள்ளைப் பகுதியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆபத்து இருக்கலாம். நோயாளியுடன் ஒரு விமானம் அதை நோக்கி வருகிறது. ஓரமாகப் போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றாலும் தவறில்லை.'

ஜெசிந்தா இரண்டு தடவை படித்தாள். எரிபொருளைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டால் வெளியே வர எந்தப் பக்கம் தாழ்ந்த நிலம் என்று பார்த்தாள். இடுப்பு வாரை இறுக்கினாள். பயம் இருந்தது. அது இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள். சிவசைலத்துக்கு இந்தச் சில நொடிகள் கிடைக்கவில்லை. விரலை நீட்டினாள்.

விரல் படுவதற்குள் கேள்வி மறைந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு எழுத்துகள் வந்தன. 'நன்றி. ஒருவர் ஒப்புக்கொண்டார்.'

அவள் திகைத்துப்போய் நீட்டிய விரலோடு இருந்தாள். கணவாயின் வடக்கே ஒரு புள்ளி மெல்லத் திரும்பி வெள்ளையை நோக்கி நகர்ந்தது. ரேடியோவைத் திறந்தாள்.

"கணவாய்க்கு வடக்கால போறது யாருங்க?"

கொஞ்சம் இரைச்சல். பிறகு அறியாத ஓர் ஆண்குரல், கொங்குப் பக்கத்து இழுப்போடு. "சேலத்து வண்டிங்க. பேரு செங்கோட்டுவேல். தேயிலை எறக்கிட்டு வெறும் வண்டியா வாறனுங்க. நீங்க யாருங்க?"

"கயத்தாறு ஜெசிந்தா. நானும் அமுக்கத்தான் போனேன், நீங்க முந்திட்டீங்க."

"அப்படிங்களா!" அவன் சிரித்தான். "எனக்குக் கை வேர்த்துப் போச்சுங்க. ஆனா அந்தப் பக்கம் வர்ற ஆளு பாவமில்லீங்களா?"

ஜெசிந்தா வெளியே பார்த்தாள். முன்னால் மேகம் கோட்டைச் சுவர் மாதிரி நின்றது. அவளை இப்போது யாரும் கேட்கவில்லை. கடலோரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

"செங்கோட்டுவேல், நீங்க உள்ள முழுசா நுழைய வேண்டாம். வடக்கு ஓரத்தை மட்டும் தொட்டுட்டு வெளிய வாங்க. தெற்கு ஓரத்தை நான் பாக்கேன். பேச்சை நிறுத்தாதீங்க. என்ன படுதோ சொல்லிக்கிட்டே வாங்க."

"நல்லதுங்க. ஒத்தையில போறதுக்கு இது எவ்வளவோ மேலுங்க."

இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். வடக்கே குலுக்கல் அதிகம் என்றான் அவன். போதும், வெளியே வந்துவிடுங்கள் என்றாள் அவள். அவள் பக்கத்தில் மழை கண்ணாடியை அறைந்தது. விமானம் ஒரு முறை கீழே விழுந்து எழுந்தது. பிறகு இரண்டு மேகங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்து மலைச்சரிவு வரைக்கும் திறந்த வழி. டேப்லெட்டின் வெள்ளையில், அவள் போகப்போக, பின்னால் ஓர் ஒடுங்கிய பச்சை நீண்டுகொண்டே வந்தது.

ரேடியோவில் மீரானின் குரல் குறுக்கிட்டது. "கேப்டனக்கா, நீங்களா அது? எங்களுக்கு என்ன சொல்லுதீங்க? இந்தம்மாவுக்கு நேரமில்லக்கா."

"கொஞ்சம் குலுக்கும் மீரான். அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றாள் ஜெசிந்தா. "ஆனா வழி இருக்கு. நேரா வாங்க."